வீடு வீடாகக் கணக்கெடுத்து விகிதம் சொல்வது எப்படி: நம்பிக்கை இடைவெளியோடு எழுத ஒரு வழிகாட்டி

சில நூறு வீடுகளில் கேள்வி கேட்டுவிட்டு, "இந்த ஊரில் இத்தனை விழுக்காட்டினர் இப்படிச் செய்கிறார்கள்" என்று எழுத வேண்டிய பொறுப்பு முதுகலை மாணவர்களுக்கும் தன்னார்வ அமைப்பினருக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அடிக்கடி வருகிறது. நான் இந்த வேலையில் இறங்கியபோது சூத்திரம் எல்லாப் பாடநூல்களிலும் இருந்தது. ஆனால் வீடுகளின் பட்டியலை எங்கே வாங்குவது, எத்தனை தாள் அச்சிடுவது, பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது, மூன்றே வீடுகள் 'ஆம்' என்றால் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்பவற்றை ஒரே இடத்தில் சொல்லும் பக்கம் கிடைக்கவில்லை. பல இடங்களில் கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதை, அடுத்து வருபவர் அலையாதிருக்கட்டும் என்று, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு பேரூராட்சியை வைத்துக்கொள்வோம். அதில் 15 வார்டுகள், 4,200 வீடுகள். எத்தனை வீடுகள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கின்றன என்பதே நமது கேள்வி. கீழே வரும் ஊர் எண்களும் விடை எண்களும் எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக் கணக்கிடுங்கள்.

1. கேள்வியையும் வகுக்கும் எண்ணையும் முதலில் எழுதி வையுங்கள்

விகிதம் என்பது ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுப்பது. மேலே உள்ள எண்ணைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். கீழே உள்ளதைப் பற்றிக் களத்திலிருந்து திரும்பிய பிறகுதான் சண்டை வருகிறது. 'வீடு' என்றால் கட்டடமா, குடும்பமா என்று முடிவு செய்யுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரே சமையலறையில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்கிறது. அதையே நீங்களும் எடுத்துக்கொண்டால், மாடியில் வாடகைக்கு இருப்பவர் தனி அலகாகிவிடுவார். 'சில நாள் பிரிப்போம்', 'தெரியாது' என்ற விடைகள் எந்தப் பக்கம் சேரும் என்பதையும் முன்பே எழுதித் தேதியிட்டு வையுங்கள். விடைகளைப் பார்த்த பிறகு இந்த முடிவை எடுத்தால், நமக்கு விருப்பமான பக்கம் சாய்வதைத் தடுக்க முடியாது.

2. எதிர்பார்ப்பு மதிப்பைக் கொண்டு மாதிரி அளவை முடிவு செய்யுங்கள்

களத்துக்குப் போகும் முன் உதவுவது எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது பலமுறை செய்தால் சராசரியாக வரக்கூடிய எண்; திரும்பி வந்த பின் உதவுவது நம்பிக்கை இடைவெளி, அதாவது ஊரின் உண்மை விகிதத்துக்கு மாதிரியைக் கொண்டு நாம் சொல்லும் கீழ் எல்லையும் மேல் எல்லையும். முதலாவதைச் செய்யாதவர்களுக்கு இரண்டாவது பெரும்பாலும் ஏமாற்றமாகவே முடிகிறது.

மாதிரி அளவு என்பது விடை கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கை; பிழை வரம்பு என்பது கிடைத்த விகிதத்துக்கு இருபுறமும் இடைவெளி நீளும் தொலைவு. 95% நம்பிக்கை நிலையில் பிழை வரம்பு இவ்வாறு கிடைக்கும்:

பிழை வரம்பு = 1.96 × √[விகிதம் × (1 − விகிதம்) ÷ மாதிரி அளவு]

விகிதம் முன்கூட்டித் தெரியாததால் 0.5 என்று வையுங்கள். அதில்தான் பிழை மிக அதிகமாக வரும், ஆகவே திட்டம் பாதுகாப்பாக இருக்கும். ±5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு 385 வீடுகள் தேவை. ±3 புள்ளிகள் வேண்டுமானால் 1,068 வீடுகள், ±10 போதுமானால் 97. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வீடுகள் வேண்டும் என்பதை நிதி தருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சிறிய ஊரானால் ஒரு சலுகை உண்டு. 385ஐ [1 + (385 − 1) ÷ 4,200] என்பதால் வகுத்தால் 353 வருகிறது. அத்தனை வீடுகளில் விடை கிடைத்தால் போதும். ஆனால் எல்லாக் கதவும் திறக்காது. பத்தில் எட்டு வீடுகளில் விடை கிடைக்கும் என்று கருதினால், 353ஐ 0.8ஆல் வகுத்து, 442 வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது எதிர்பார்ப்பைப் பாருங்கள். ஊரில் உண்மையாகவே 60% வீடுகள் தரம் பிரிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 353 வீடுகளில் எதிர்பார்க்கத்தக்க 'ஆம்' 353 × 0.6 = சுமார் 212. அதன் திட்ட விலக்கம், அதாவது அந்த எண்ணிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, √(353 × 0.6 × 0.4), ஏறக்குறைய 9.2. இதன் 1.96 மடங்கை இருபுறமும் எடுத்தால், இதே போன்ற நூறு கணக்கெடுப்புகளில் சுமார் 95இல் 'ஆம்' எண்ணிக்கை 194க்கும் 230க்கும் நடுவே விழும். 200 வந்தாலும் 225 வந்தாலும் ஊர் மாறிவிடவில்லை, தேர்வின் ஊசலாட்டம்தான் அது என்பது இந்த ஒரு வரிக் கணக்கிலேயே புரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வார்டு வாரியாகவும் முடிவு வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். 353 வீடுகளை 15 வார்டுகளுக்குப் பிரித்தால் வார்டுக்கு எதிர்பார்க்கத்தக்கது 24 வீடுகள்கூட இல்லை. அதன் பிழை வரம்பு ±20 புள்ளிகள். 40%க்கும் 80%க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று சொல்லும் எண்ணால் எந்த வார்டு உறுப்பினருக்கும் பயனில்லை. வார்டு முடிவு தேவையென்றால் அதற்கேற்ற அளவைத் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். இல்லையெனில் தர இயலாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

3. வீடுகளின் பட்டியலைப் பெறுங்கள்

முழு வேலையிலும் மிகக் கடினமான படி இதுதான். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல், பாகம் பாகமாக, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எளிதில் கிடைப்பதாலேயே அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வாக்காளர் பெயர்களிலிருந்து குலுக்கி எடுத்து அவர்களுடைய வீடுகளுக்குப் போனால், ஆறு வாக்காளர் உள்ள வீடு தேர்வாகும் வாய்ப்பு, தனியாக வாழும் முதியவரின் வீட்டைப் போல ஆறு மடங்கு. லோக்நிதி அமைப்பின் தேர்தல் ஆய்வுகள் இந்தப் பட்டியலிலிருந்தே மாதிரி எடுக்கின்றன. அங்கே அலகு வாக்காளர் என்பதால் அது பொருந்துகிறது. உங்கள் அலகு வீடு என்றால், முதலில் வீட்டு எண்களை மட்டும் பிரித்து எழுதி, ஒவ்வொன்றையும் ஒரே முறை வரும்படி செய்த பிறகே குலுக்க வேண்டும். வேறு ஊரில் வாக்குரிமை வைத்திருக்கும் வாடகைக் குடும்பங்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

மற்றொரு வழி பேரூராட்சியின் சொத்து வரிக் கணக்கு. பெயர்களோடு பட்டியல் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்படலாம்; மறுப்பதில் நியாயமும் உண்டு. தெரு வாரியாகக் குடியிருப்புகளின் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். தேர்வுக்கு அதுவே போதும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். விடைக்கான காலக்கெடு 30 நாள். நகல் கட்டணம் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஒரே வரி எண்ணின் கீழ் மூன்று குடும்பங்கள் இருக்கலாம் என்பதால், தேர்வான கட்டடத்துக்குப் போனதும் உள்ளே எத்தனை சமையலறை என்று கேட்டு, எல்லாக் குடும்பங்களையும் பதிவு செய்யும் விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

4. வீடுகளைக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்

4,200ஐ 442ஆல் வகுத்தால், தேர்வாகும் இரு வீடுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி 9.5. பூச்சியத்துக்கும் 9.5க்கும் நடுவே ஒரு தசம எண்ணைக் கணினியில் சமவாய்ப்பாக எடுங்கள். 4 வந்தது என்போம். பிறகு 9.5 கூட்டிக்கொண்டே போய், பின்னம் வருமிடத்தில் அடுத்த முழு எண்ணை எடுங்கள்: 4, 14, 23, 33, 42. தெருக்களின் எண்ணிக்கையையும் தொடர்ந்து கூட்டி வாருங்கள். முதல் தெருவில் 38 வீடுகள் என்றால், 42ஆவது வீடு இரண்டாம் தெருவின் நான்காவது வீடு. தெருவில் எந்த முனையிலிருந்து, எந்தப் பக்கமாக எண்ணுவது என்பதை ஒரே விதியாக எழுதி எல்லாரிடமும் கொடுங்கள்.

கணக்கு எளிதாகட்டும் என்று இடைவெளியை 9 ஆக்கினால் 466 அல்லது 467 வீடுகள் தேர்வாகும். அதில் தவறில்லை. ஆனால் 442 முடிந்தவுடன் நிறுத்திவிட்டால் பட்டியலின் கடைசி வார்டில் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். தேர்வானவற்றை முழுதும் முடித்தே ஆக வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீட்டில் கேட்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். பகலில் ஆள் இருக்கும் வீடுகளே அப்படி நிறைந்துவிடும். பகலில் ஆள் இருக்கும் வீடும் இல்லாத வீடும் குப்பை விஷயத்தில் ஒரே மாதிரி நடப்பதில்லை.

நடை மிச்சமாகட்டும் என்று சில தெருக்களை மட்டும் எடுத்து, தெருவுக்குப் பத்து வீடுகள் கேட்கலாமா என்று பலர் எண்ணுகிறார்கள். கேட்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரே தெருவுக்கு ஒரே தூய்மைப் பணியாளர் வருகிறார், பக்கத்து வீட்டைப் பார்த்தே பழக்கம் பரவுகிறது. ஆகவே ஒரு தெருவின் பத்து விடைகளில் புதிய செய்தி பத்து விடைக்குரிய அளவு இருக்காது. இந்த இழப்பை அளப்பது வடிவமைப்பு விளைவு: 1 + (தெருவுக்கு எடுக்கும் வீடுகள் − 1) × தெருவுக்குள் உள்ள ஒப்புமை (ஒரே தெரு வீடுகளின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு; எல்லாம் ஒன்றே என்றால் 1). ஒப்புமை 0.1 என்றால் 1 + 9 × 0.1 = 1.9. நமக்குத் தேவைப்பட்ட 353 இப்போது 671 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசிக் கணக்கெடுப்பு முறையில் 30 கொத்துகளில் (நமது தெருக்களைப் போன்ற சிறு பகுதிகளில்) ஏழேழு குழந்தைகள் என 210 பேரை எடுத்ததன் பின்னாலும் இந்தக் கணக்கே இருக்கிறது: ±10 புள்ளிகளுக்குத் தேவையான 96ஐ வடிவமைப்பு விளைவு 2 எனக் கொண்டு இரட்டிப்பாக்கினால் 192, அதை ஒட்டியே 210. 2019–21இல் 6,36,699 குடும்பங்களில் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வும் கொத்துக்கு 22 குடும்பங்கள் என்ற முறையில்தான் தேர்ந்தெடுத்தது. கொத்தாக எடுத்துவிட்டுத் தனித்தனியாக எடுத்தது போல நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால், உண்மையில் இல்லாத துல்லியத்தை அறிக்கையில் காட்டியவர்களாவோம்.

5. கடிதங்களையும் தாள்களையும் தயார் செய்யுங்கள்

பேரூராட்சிச் செயல் அலுவலரின் அனுமதிக் கடிதம், காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம், களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் படத்துடன் கூடிய அடையாள அட்டை ஆகியவை இல்லாமல் இறங்க வேண்டாம். கல்லூரி ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும்; அந்தக் குழு நினைத்தபோது கூடுவதில்லை என்பதால், விண்ணப்பத்தையும் தகவல் உரிமை மனுவையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டுக் களத்துக்கு முன் ஆறு வாரமாவது ஒதுக்குங்கள்.

தாள்கள் இரண்டு. ஒன்று வினாத்தாள். மற்றொன்று வருகைப் பதிவுத் தாள்: வீட்டின் வரிசை எண், முதல், இரண்டாம், மூன்றாம் வருகையின் நாளும் நேரமும், முடிவு (விடை கிடைத்தது, பூட்டியிருந்தது, மறுத்தார், ஆளில்லாத கட்டடம்). வினாத்தாளைவிட இந்த இரண்டாம் தாளே முக்கியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பின்னால் எவரும் உங்கள் இடைவெளியை நம்பலாமா என்று சோதிப்பது இதைக் கொண்டுதான். வினாத்தாளில் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டாம். வரிசை எண் போதும். இயன்றால் "பிரிக்கிறீர்களா?" என்று கேட்பதோடு நிற்காமல் குப்பைக் கூடைகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தும் குறித்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது எது என்று தெரிந்தவர்கள், செய்யாவிட்டாலும் 'ஆம்' என்றே சொல்வார்கள். இந்தச் சாய்வை எந்தச் சூத்திரமும் திருத்தாது.

6. நாளையும் செலவையும் கணக்கிடுங்கள்

இங்கும் எதிர்பார்ப்பு மதிப்பே வழிகாட்டும். ஒரு வருகையில் ஆள் இருக்கும் வாய்ப்பு பாதி என்றும், மூன்று முறைக்கு மேல் போவதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு எதிர்பார்க்கத்தக்க வருகைகள்: 1 × 0.5 + 2 × 0.25 + 3 × 0.25 = 1.75. எனவே 442 வீடுகளுக்குச் சுமார் 774 வருகைகள். மூன்று முறையும் ஆளில்லாமல் போவது எட்டில் ஒன்று. சந்தித்தவர்களில் பன்னிரண்டில் ஒருவர் மறுத்தால், விடை கிடைப்பது ஏறக்குறைய 80%. இரண்டாம் படியில் நாம் வைத்த 0.8 இப்படித்தான் வருகிறது.

ஒருவர் நாளுக்கு 30 கதவுகளைத் தட்டுவார் என்றால் 26 ஆள்நாள் தேவை. நாள் படி ₹700 என்று கொண்டால் ₹18,200. அதோடு நகல், பேருந்து, தேநீர். வீட்டு எண்ணிக்கையை வைத்து மட்டும் பட்ஜெட் போட்டால் மறுவருகைக்குப் பணம் இருக்காது. அப்போது பூட்டிய வீடுகள் அப்படியே கைவிடப்படும். மறுவருகைகளில் ஒன்றாவது மாலை ஆறு மணிக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ அமையட்டும்.

7. இடைவெளியைக் கணக்கிடுங்கள்

350 வீடுகளில் விடை கிடைத்தது, 217 வீடுகள் 'ஆம்' என்போம். விகிதம் 0.62. திட்டப் பிழை, அதாவது இந்த விகிதத்தின் திட்ட விலக்கம், √(0.62 × 0.38 ÷ 350) = 0.0259. ஊர் சிறியது என்பதற்கான திருத்தம் √[(4,200 − 350) ÷ (4,200 − 1)] = 0.9575, இரண்டையும் பெருக்கி 1.96ஆலும் பெருக்கினால் 0.0487. ஆகவே இடைவெளி 57.1% முதல் 66.9% வரை. வீட்டுக் கணக்கில் மதிப்பீடு 2,604. இடைவெளி சுமார் 2,400 முதல் 2,810 வரை. கூடை வாங்கும் அலுவலருக்கு விழுக்காட்டைவிட இந்த வீட்டுக் கணக்கே உதவும். எக்செல் போதும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

8. மிகச் சிறிய விகிதங்களுக்கு வேறு சூத்திரம்

'ஆம்', 'இல்லை' இரண்டும் பத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் மேற்கண்ட சூத்திரத்தை நம்பலாம். வீட்டிலேயே உரம் தயாரிப்பவை 350இல் 3 வீடுகள் என்றால், அது −0.1% முதல் 1.8% வரை என்று சொல்லும். மூன்று வீடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, பூச்சியத்துக்குக் கீழே ஓர் எல்லையை எழுத முடியாது. எளிய மாற்று: 'ஆம்' பக்கம் இரண்டு, 'இல்லை' பக்கம் இரண்டு சேர்த்து, 354இல் 5 என்று வைத்துப் பழைய சூத்திரத்தையே போடுங்கள், 0.2% முதல் 2.6% வரை கிடைக்கும். சிறிய விகிதங்களுக்கும் பொருந்தும் இன்னொரு சூத்திரமான வில்சன் முறையில் 0.3% முதல் 2.5% வரை. ஒரு வீடுகூட 'ஆம்' சொல்லாவிட்டால் 3ஐ மாதிரி அளவால் வகுத்தால் 95% மேல் எல்லை வரும்: 3 ÷ 350, அதாவது ஏறக்குறைய 0.9%. 'யாருமே இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள்.

9. விடை கிடைக்காத வீடுகளைக் கணக்கில் காட்டுங்கள்

தேர்வான 442இல் 92 வீடுகளின் விடை நம்மிடம் இல்லை. அவற்றில் ஒன்றுகூடப் பிரிப்பதில்லை என்றால் விகிதம் 217 ÷ 442 = 49.1%. அனைத்தும் பிரிக்கின்றன என்றால் 309 ÷ 442 = 69.9%. இந்த இரண்டு எண்களும் நாம் கணக்கிட்ட நம்பிக்கை இடைவெளிக்கு வெளியே நிற்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை இடைவெளி, குலுக்கலால் வரும் ஊசலாட்டத்தை மட்டுமே அளக்கிறது. திறக்காத கதவுகளைப் பற்றி அது எதுவும் அறியாது. ஆகவே இந்த எல்லைகளையும் அறிக்கையில் கொடுங்கள். முதல் வருகையில் கிடைத்தவர்களின் விகிதத்தையும் மூன்றாம் வருகையில் கிடைத்தவர்களின் விகிதத்தையும் தனித்தனியே பாருங்கள். இரண்டும் பெரிதும் வேறுபட்டால், கிடைக்காதவர்கள் மூன்றாம் வருகையினரைப் போன்றவர்கள் என்று ஐயுறுவது நியாயம்.

10. அறிக்கையில் எழுத வேண்டியதும் கூடாததும்

"உண்மை விகிதம் இந்த இடைவெளிக்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று எழுதாதீர்கள். ஊரின் விகிதம் ஒரே எண், அது அசையாது. அசைவது நமது இடைவெளி. இதே முறையில் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மை விகிதத்தை உள்ளடக்கும் என்பதே பொருள். எழுதத்தக்க வாக்கியம் இது: "4,200 வீடுகளிலிருந்து முறையான குலுக்கலில் தேர்ந்தெடுத்த 442 வீடுகளில் 350 வீடுகளில் விடை கிடைத்தது, அவற்றில் 62% வீடுகள் தரம் பிரிப்பதாகக் கூறின (95% நம்பிக்கை இடைவெளி 57.1–66.9%)." கேட்ட மாதங்களையும் வினாவின் சரியான சொற்களையும் இதனோடு சேருங்கள்.

அடுத்த ஆண்டு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. முன்பு 350இல் 55%, இப்போது 350இல் 62% என்றால் ஏழு புள்ளி உயர்ந்துவிட்டது என்று அறிவிக்கத் தோன்றும். இரு திட்டப் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.0372; சிறிய ஊர்த் திருத்தமின்றி வேறுபாட்டின் இடைவெளி −0.3 முதல் 14.3 புள்ளி வரை. திருத்தத்தைச் சேர்த்தால் கீழ் எல்லை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். உயர்ந்திருக்கலாம், இந்த அளவு மாதிரியைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது என்றே எழுதுங்கள்.

குலுக்கலில் எடுத்த தொடக்க எண், தெருப் பட்டியல், வருகைப் பதிவுத் தாள்கள், முதற்படியில் தேதியிட்டு எழுதிய விதிகள் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். வரிசை எண்ணையும் முகவரியையும் இணைக்கும் தாளை மட்டும் தனியே பூட்டி வைத்து, சரிபார்ப்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.